வெளிச் சத்தம் கேக்குற மாதிரி ஒண்ணு

அய்யோ இல்லண்ணே, ரிப்பேருக்குக் கொண்டாரல. இந்த ஹெட்ஃபோன்ல ஒரு கொறையும் இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சி, இன்னிக்கும் நேத்து வாங்கின மாதிரிதான் பாடுது. இந்த மாதிரி வேணாம், வேற மாதிரி வேணும்னு காட்டத்தான் பெட்டியோட எடுத்தாந்தேன். வாயால சொன்னா எனக்கு வெளங்க வெக்கத் தெரியாது.

ஞாபகம் வந்துடுச்சா? ஆங், அதே அம்மாதான். முத்தியால்பேட்டை, டைப் அடிக்கிற வேலை. அமெரிக்காவுல டாக்டருங்க பேசி அனுப்புவாங்க, நான் கேட்டுக் கேட்டு அடிக்கணும். இப்ப கம்ப்யூட்டரே அடிச்சிடுது, அது அடிச்சத நான் கேட்டுத் திருத்துறேன். எப்பிடியும் காதுக்கு வேலை கொறையல. ஒரு டாக்டரு ஏதோ மென்னுக்கினேதான் பேசுவாரு. ஃபிஃப்டீன்னு சொன்னாரா ஃபிஃப்டின்னு சொன்னாரான்னு தெரியணும்ல? எங்கியோ ஒருத்தரு அந்த மாத்திரைய முழுங்கப் போறாரு.

காட்டுங்க. ம்ஹும், இது காது மேலயே உக்காருது. எட்டு மணி நேரம் மாட்டினா கம்மல் திருகாணி பின்னாடி குத்தும். மூக்குக் கண்ணாடிக் காம்பு வேற. காதச் சுத்தி உக்காரணும், மெத்துன்னு இருக்கணும், தலைய நெருக்கக் கூடாது. பையில வெச்சா எடம் அடைக்காம இருக்கணும், வாரத்துல ரெண்டு நாளு உப்பளம் ஏரியாவுல இருக்குற ஆபீசுக்கு எடுத்துக்கினு போறேன். முக்கியமா, மாட்டியிருக்கும்போது வெளிச் சத்தம் கேக்கணும்.

தெரியும்ண்ணே. இதுலயே பட்டன அமுக்கினா வெளிச் சத்தம் வரும், நீங்கதானே அன்னிக்கே காட்டினீங்க. பட்டன்னு ஒண்ணு இருந்தா என் கை திருப்பி அமுக்கி சத்தத்த நிறுத்திடும். அதான் பட்டனே இல்லாம வேணும்.

அன்னிக்கு நான் கேட்டது வேறதான், ஒத்துக்கறேன். உலகமே நின்னுடணும்னு சொன்னேன்ல? எங்க செவுத்துக்கு அந்தாண்ட முருகையன் லேத் பட்டறை. காலையில ஒம்பது மணிக்கு இரும்பு அறுக்க ஆரம்பிச்சா பல்லு கூசும். நீங்க குடுத்தத மாட்டி பட்டன அமுக்கினேன் பாருங்க, கெணத்துக்குள்ள எறங்கின மாதிரி ஆயிடுச்சி. அவ்ளோ அமைதி. எனக்கு அழுகையே வந்துடுச்சின்னா நம்புவீங்களா?

பட்டறைச் சத்தம் மட்டும் இல்லண்ணே. வீட்டுக்காரரு படுக்கையில இருந்தாரு. சக்கரபாணின்னு பேரு, பள்ளிக்கூட வேன் ஓட்டினவரு. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சி, பேச்சும் போயிடுச்சி. ந்தா, ந்தான்னு அது ஒண்ணுதான் வரும். அதுவும் சன்னமா. அதனால கட்டில் கம்பியில சில்வர் டம்ளர தட்டிக் கூப்புடுவாரு. டங்கு டங்குன்னு. ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி தட்டுவாரு. போயி பாத்தா ஃபேன கொறைக்கணும்னு கையக் காட்டுவாரு. வந்து உக்காருவேன், மறுபடியும் டங்கு. இப்ப ஃபேன கூட்டணும். ஜன்னல்ல காக்கா உக்காந்தா தட்டுவாரு. பாதி நேரம் ஒண்ணுமே இருக்காது. போயி நின்னா மூஞ்சியப் பாத்து சிரிப்பாரு, அவ்ளோதான். அதுக்கும் போவணும்.

கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்கண்ணே. போதும் போதும்.

இல்ல, இப்ப இல்ல அவரு. பத்து மாசம் ஆவுது. அய்யய்யோ, நீங்க எதுக்கு அப்பிடிப் பாக்குறீங்க? உங்க சாமான் மேல பழி போட வரல நான். அதான் வந்த உடனே சொன்னேனே, அதுல ஒரு கொறையும் இல்லன்னு.

மத்தியானம் சாதம் ஊட்டிட்டு, வாயத் தொடச்சி உட்டுட்டு, முன் ரூமுக்கு வந்து மாட்டிக்கினேன். நாலு மணிக்கு டீ எடுத்துக்கினு போனேன். முடிஞ்சி போச்சி. டாக்டரு வந்து பாத்துட்டு, மாரடைப்பும்மா, பொட்டுன்னு போயிருக்கும், நீ பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாரு. நல்ல மனுஷன். ஆனா டம்ளரு ஒரு பக்கம் சப்பையா நசுங்கிக் கெடந்துச்சி. பொட்டுன்னு போறவரு எப்பிடிண்ணே டம்ளர நசுக்குவாரு?

யாரும் என்னைக் குத்தம் சொல்லல. பொண்ணு சுமலதா பெங்களூர்லேந்து வந்துச்சி, அழுதுச்சி. நீ வேலையில இருந்தம்மா, உனக்கு எப்பிடிக் கேக்கும், அந்தப் பட்டறைச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்னு அதுவே எல்லார்கிட்டயும் சொல்லிச்சி. நானும் ஆமான்னுட்டேன்.

இது என்னாண்ணே, பின்னாடி வலை மாதிரி? தொறந்தே இருக்குமா? நம்ம கேக்குறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேக்குமா? கேட்டுட்டுப் போவட்டும், பக்கத்துல யாரு இருக்கா. குடுங்க. கனமே இல்ல. கம்மல் படல. பரவால்ல, இது நல்லாயிருக்கு.

அவரு போனது ஞாயித்துக்கெழமைண்ணே.

அன்னிக்கு எனக்கு வேலை இல்ல. சில ஞாயிறு ஓடுற பட்டறையும் அன்னிக்கு லீவு. தெருவே கம்முனு இருந்துச்சி. பாட்டு கூடப் போடல நான். சும்மா மாட்டி, பட்டன அமுக்கிட்டு, செவுத்தப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்புடக் கூடாதுன்னு இருந்துச்சி, வேற ஒண்ணும் இல்ல. பொண்ணுக்குத் தெரியாது. பேச்சு வாக்குல உங்ககிட்ட சொல்லிட்டேன்.

இல்லண்ணே, அழல. எதுக்கு அழுவறேன்.

ஆமா, வீட்டுல இப்ப நான் ஒருத்திதான். இருந்தாலும் பழகிடுச்சி. நாலு வரி அடிச்சா ஒரு வாட்டி கழட்டிக் கழட்டிப் பாக்குறேன், வேலை ஓட மாட்டேங்குது, ஆபீஸ்ல கேக்குறாங்க. அதான் கழட்டாமலே கேக்குற மாதிரி ஒண்ணு.

ஒண்ணு பண்ணுங்க. ஏதாவது ஒரு பாட்டு ஓட உடுங்க. ஆங், வருது, நல்லா சுத்தமா வருது. இப்ப நீங்க கடையோட அந்தக் கோடிக்குப் போயி, திரும்பி நின்னுக்கினு என்னைக் கூப்புடுங்க. பாக்கியலட்சுமின்னு. கத்த வேணாம்ண்ணே, கத்தினா எதுலயும் கேக்கும். வீட்டுல ஒரு ஆளு கூப்புடுற மாதிரி, சாதாரணமா கூப்புடுங்க.