ஸ்கேனுக்குள் உருமி மேளம்

பாலோ ஊருக்குப் போகும் பஸ்ஸில், மடியில் ஸ்கேன் உறையோடு இருந்த தம்பியிடம் அக்கா எரிந்து விழுந்தாள்.

“உள்ள எதுக்குடா தலைய ஆட்டுன? படம் கலங்கிப்போயி திரும்ப எடுத்தாங்க.”

“அந்த எம்ஆர்ஐ மிஷின் டம் டம்முன்னு அடிச்ச அடி நம்ம உருமி மாதிரியே இருந்துச்சுக்கா. தானா ஆடிருச்சு.”

“டாக்டருதான் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாரே.”

“மோட்டர் சைக்கிள்லேருந்து விழுந்தது லேசாதான் லா. ஆனா வலி போகலியே. உருமிச் சத்தம் கேட்டாலே மண்டைக்குள்ள குத்துது. இந்தத் தைப்பூசத்துக்கு என் உருமிய வேற ஆளு அடிச்சான்.”

அக்காவின் குரல் இறங்கியது.

“அப்போ மிஷினுக்குள்ள வலிக்கலயா?”

“உயிரே போச்சு. தாங்க முடியலன்னா அமுக்கச் சொல்லி கையில ஒரு பெல் குடுத்திருந்தாங்க.”

“அமுக்க வேண்டியதுதானே?”

“அமுக்குனா மேளம் நின்னுரும்லக்கா.”