மூன்றரை லிட்டர்

எங்கள் காருக்கு மூன்றரை லிட்டர் ஆயில், சார். ஃபில்டரை மாற்றாமல் விட்டால் மூன்றேகால் போதும். இருபத்தைந்து வருஷத்துக் கார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில் மாற்றி, வாரம் தவறாமல் அளவுக் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்ததால்தான் இத்தனை நாள் ஓடியது. இது தெரிந்த ஆள் வில்லாபுரத்தில் நான் ஒருவன்தான்.

எனக்கு எழுபது தாண்டியதும் என் மகன் ஜெயந்த் சாவியை வாங்கி மருமகள் ஸ்ரீஜாவிடம் கொடுத்துவிட்டான். அவளுக்கு ஒத்தக்கடைப் பக்கம் காலேஜில் வேலை. கணக்கில் டாக்டர் பட்டம். புரட்டாசியில், போகிற வழியில் ஏதோ ஒரு ஷெட்டில் ஆயில் மாற்றிக்கொண்டு வந்தாள். நாலு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். அரை லிட்டர் கூடுதல் என்று சொன்னேன்.

"கூடினா என்ன மாமா? பாயசமா, திகட்டறதுக்கு?" என்றாள்.

ஜெயந்தும் சிரித்தான். "விடுப்பா. வண்டிக்கே இல்லாத அஜீரணம் உனக்கெதுக்கு?"

நான் கோபப்படவில்லை. அவர்கள் பைக்கில் சினிமாவுக்குப் போன மத்தியானம், காருக்கடியில் படுத்து அந்த அரை லிட்டரை இறக்கினேன். ஆயில் வடிக்கிற அடி நட்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்பேனரைத் தொடவில்லை. விரலால் திருகியதோடு விட்டேன். குச்சியை ஒரு தரம் உருவினால் ஆயில் குறைவது தெரிந்துவிடும். கணக்கு டாக்டருக்கு அது பெரிய வேலையா?

ஆயுத பூஜை வந்தது. ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு மீட்டரின் ஓரத்தில் இருக்கிறது. அந்த இடத்துக் கண்ணாடியில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சாமிப் பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். அத்தனை படித்தவளும் துடைக்கவில்லை; கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் தெருமுனை மெக்கானிக் சின்னான் வாசலில் நின்றான். "சாமி, வண்டிக்கடியில சொட்டுச் சொட்டா கெடக்கு. நட்டு இறுகல போல. விட்டா அம்புட்டும் எறங்கிரும்."

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன். தினமும் அவள் கிளம்பியதும் பழைய வேட்டித் துணியால் தரையைத் துடைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஜெயந்தின் பைக் பஞ்சர். அவனும் காரில் ஏறிக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நட்டை இறுக்காமல் விட்டது யார் என்ற பேச்சு வரும். அவள் இன்னொரு தரம் சிரிப்பாள். கேட்டைத் திறந்துவிட்டேன்.

நாலுவழிச் சாலையில் ஆயில் வற்றி எஞ்சின் இறுகி, கார் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி இடது பக்கத்தை நசுக்கியது. ஜெயந்த் அங்கேயே போய்விட்டான்.

சின்னான் சொல்லித்தானே வந்திருக்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர விட்டது நான். விளக்கை மறைத்தது நான். தரையைத் துடைத்தவனும் நான்தான். ஆனால் குச்சியை உருவிப் பார்க்காதது அவள். அதை அவளே ஒப்புக்கொண்டாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், கையில் கட்டோடு என் காலில் விழுந்தாள்.

"ஆயிலப் பாக்காம விட்டு உங்க பிள்ளைய நானே கொன்னுட்டேன் மாமா" என்று அழுதாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு ஒரு மனசு வேண்டும், சார்.