ஓடை இல்லை என்பதற்குச் சில அடுப்புகள்

கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது, மேடம். லாரி தாமதமானால் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றுவதை நிறுத்திவிடுவோம். தண்ணீரின் அருமை தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். தமிழிலேயே பேசலாம் என்றதற்கு நன்றி. இந்தத் தெலுங்கு ஊரில் நம் பாஷை காதில் விழுந்தால் மனசு இளகிவிடுகிறது.

என் விசிட்டிங் கார்டில் 'சுதர்சன், சுற்றுச்சூழல் ஆலோசகர்' என்று இருக்கும். மூலையில் ஒரு பச்சை இலை. குளத்தைத் தூர்க்கிறவர்களும் மரத்தை வெட்டுகிறவர்களும்தான் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவார்கள். மற்றவர்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிச் சந்தேகம் எதுவும் வருவதில்லை.

பட்டான்செருவைத் தாண்டி வில்லாக்கள் கட்டும் அந்தத் திட்டத்துக்கு விளம்பரமும் நான்தான் எழுதினேன், அனுமதி விண்ணப்பமும் நான்தான் எழுதினேன். விளம்பரத்தில் 'ஓடையோர வாழ்க்கை' என்று போட்டு, வாத்து நீந்துகிற படம் வைத்தோம். விண்ணப்பத்தில் 'மனைக்குள் ஓடை ஏதும் இல்லை' என்று எழுதினேன். வீடு வாங்குகிறவர்கள் விண்ணப்பத்தைப் படிப்பதில்லை, அதிகாரிகள் விளம்பரத்தைப் படிப்பதில்லை. ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடாத இந்தப் பண்பாட்டின் மேல்தான் பாதி நகரம் எழும்பியிருக்கிறது.

ஓடை இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. மேலே ஒரு குட்டையிலிருந்து இறங்கி, மனையின் நடுவே போய், கீழே இருக்கும் ஏரியில் சேரும். மழைக்காலத்தில்தான் ஓடும். ஆனாலும் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும் என்பது விதி. விட்டால் நடு வரிசை வில்லாக்கள் அத்தனையும் போய்விடும். எங்கள் எம்.டி. நல்ல மனிதர். பெரிய பூஜை போடாமல் கடப்பாரையைக்கூடத் தொடமாட்டார். அவர் வருத்தப்பட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அனுமதிக்கு முன் மனையைப் பார்வையிட வரும் குழுவில் நிபுணர் டாக்டர் இராமச்சந்திரன். தார்நாகா ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓய்வு பெற்றவர். செயற்கைக்கோள் படங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. 'ஜனங்கள் அடுப்பு மூட்டுகிற இடத்தில் தண்ணீர் ஓடாது. நிலத்தைப் படிக்காதே, மனிதனைப் படி' என்று கருத்தரங்கு கருத்தரங்காகச் சொல்வார். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அதை வேலைக்கு ஆகிற விஷயமாக எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

மேலே குட்டையிலிருந்து தண்ணீர் இறங்காதபடி ஜேசிபி வைத்து ஒரு மண்கரை போட்டேன். கோடையிலேயே போட்டதால் யாரும் கேட்கவில்லை. குட்டையோரம் 'கட்ட மைசம்மா' என்று ஒரு சாமிக் கல் இருந்தது. ஏரிக்கரையைக் காக்கிற அம்மன். அவள் இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று எந்த ரெவின்யூ ஆளுக்கும் தெரிந்துவிடும். பூசாரியை அழைத்து, முறைப்படி மரியாதை செய்து, கிளப்ஹவுஸ் வாசலுக்கு மாற்றினேன். அங்கே டைல்ஸ் போட்டிருக்கிறது. பிறகு காய்ந்த ஓடைக்குள் தகரக் குடிசைகள் போட்டு, வேறு சைட்டிலிருந்து சில குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தேன்.

அன்னக்கிளி அப்படி வந்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவன் கொத்தனார், இரண்டு பெண் குழந்தைகள். தமிழ் ஆளாகப் பார்த்துத்தான் எடுத்தேன், நம்பிக்கையாக இருப்பார்கள் என்று. வாடகை கிடையாது, கரண்ட் உண்டு, குழாய் உண்டு. வந்த அன்றே அவள் குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தாள்.

"மணலா இருக்குதுங்களே அண்ணா. தண்ணி கிண்ணி வராதுங்களா?"

"வர்ற இடமா இருந்தா உன்னைக் கொண்டாந்து வைப்பேனாம்மா?" என்றேன்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. நான் கட்டிக் கொடுத்த சிமெண்ட் அடுப்பைச் சாணி போட்டு மெழுகிக் கோலம்கூடப் போட்டாள். அந்தக் கோலத்தை நான் திட்டமிடவில்லை. அது எனக்குக் கிடைத்த போனஸ்.

டாக்டர் வந்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரியை விரலில் தொட்டு முகர்ந்தார். குழுவில் இருந்தவர்கள் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். அன்னக்கிளியிடம் தண்ணீர் வருமா என்று கேட்டார். தான் வந்த பிறகு ஒரு சொட்டு வரவில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, மேடம். இந்த விவகாரத்தில் யாருமே பொய் சொல்லவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இதுதான் விஞ்ஞானம் என்று டாக்டர் மற்றவர்களிடம் சொன்னார்.

கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை, பார்வைக்காகக் கட்டி வைத்த மாதிரி வில்லாவில் புக்கிங் மேளா. பலூன், பிரியாணி, குழந்தைகளுக்கு முகத்தில் புலி வரைகிற ஆள் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தோம். சாயங்காலம் டாக்டர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் ஜேசிபி ஓட்டுகிற மோகன் கூப்பிட்டான். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். கரை கசிகிறது, ஒரு பக்கம் வெட்டிவிட்டால்தான் நிற்கும் என்றான். வலப் பக்கம் வெட்டினால் தண்ணீர் மேளா நடக்கிற வில்லாவுக்கு வரும். இடப் பக்கம் வெட்டினால் தன் பழைய வழியில் போகும்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அன்னக்கிளியின் போன் வந்தது.

"அண்ணா, அடுப்பு ஓரமா ஈரம் ஊறுதுங்க. இவரு வேலைக்குப் போயிட்டாரு, ஆம்பளைங்க யாருமில்ல. புள்ளைங்கள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

மேடு அந்த மேளா வில்லாவின் எதிரே இருக்கிறது. மூட்டை முடிச்சோடு பெண்களும் குழந்தைகளும் நனைந்துகொண்டு அங்கே வந்து நின்றால், பிரியாணித் தட்டோடு நிற்கிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். ஒருவர் செல்போனில் எடுத்துப் போட்டால் போதும், டாக்டரின் பேனா நின்றுவிடும்.

"மழை ஈரம்மா அது. குழந்தைங்களை நனைய விடாதே, காய்ச்சல் வந்துரும். கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிடு."

"நீங்க சொன்னா சரிங்கண்ணா" என்றாள்.

மோகனைத் திரும்பக் கூப்பிட்டு இடப் பக்கம் என்றேன்.

"நக்கோ சார், வேணாம். கீழ ஜனங்க இருக்காங்க. கைக்கு சார், எதுக்கு இந்தப் பாவம்?"

"அங்கே ஓடையே கிடையாது, மோகன். நிபுணர் பார்த்துச் சொல்லியிருக்கார். நீ அவரை விடப் படிச்சவனா?"

அவன் மறுத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் உங்களிடம் சொன்னது அதுவரைக்கும்தான் இருக்கும். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. நான் மேளாவில் இருந்தவர்களிடம் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, மேலே போய், ஜேசிபியை நானே ஓட்டினேன். கஷ்டமில்லை. ஒரு நெம்புகோலை இழுத்தால் கை இறங்குகிறது. கரை வெட்டுப்பட்டதும் தண்ணீர் அவசரப்படாமல், வழி தெரிந்த மாதிரி போயிற்று.

அன்னக்கிளி இன்னொரு முறை கூப்பிட்டாள். எடுத்தேன். எடுக்கவில்லை என்று பேப்பரில் எழுதியிருப்பது தவறு. கதவைத் திறக்க முடியவில்லை என்றாள். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. வடிந்துவிடும், பயப்படாதே என்றேன். போனை நான் வைக்கவில்லை. அந்தப் பக்கம்தான் நின்றது.

சாயங்காலம் டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கீழ் ஏரியில் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். அன்னக்கிளி இரண்டு குழந்தைகளையும் சேலையால் தன் இடுப்போடு கட்டியிருந்தாளாம். கம்பெனி செலவில் எல்லோரையும் ஊருக்கு அனுப்பி வைத்தேன். அவளுடைய கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கு ஆறுதல் சொன்னவனும் நான்தான், தமிழில்.

ஆகவே எல்லாம் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறபடியேதான். உள்ளே ஆட்கள் இருப்பது தெரியும். வெளியே வர வேண்டாம் என்று சொன்னது நான். கரையை வெட்டியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். 'ஓடையில் மூழ்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஓடை என்று எழுதினால் அனுமதி ரத்தாகிவிடும், மேடம். அந்த வில்லாக்களுக்கு எத்தனையோ குடும்பங்கள் ஆசையாகப் பணம் கட்டியிருக்கின்றன. அதில் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகள்தான் அதிகம். அவர்களைத் தெருவில் விட என் மனசு ஒப்பவில்லை.