கண்ணில் ஒரு வெள்ளை வளையம்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் என் பக்கத்து இருக்கைப் பெண், எதிரே இருந்தவரின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அறிமுகமில்லாதவரை யாரும் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

“பாய்சாப், தமிழா?” என்று அந்த ஊர் வழக்கப்படி இந்தியில் விளித்து அவரிடம் கேட்டாள்.

அவர் தலையாட்டினார். கல்லூரி வயது மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“உங்க அப்பா சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போயிட்டாராண்ணா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க கருவிழியச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. மெயின்லேண்ட்ல ஜீன் டெஸ்ட் எடுத்தப்ப, பரம்பரைக் கொலஸ்ட்ரால்னு சொன்னாங்க.”

“நான் கறி, முட்டை எதையும் தொடறதில்லயேம்மா.”

“அவரும் தொட்டதில்லண்ணா.”

அவர் மகளைத் தட்டி எழுப்பினார்.

“கண்ணத் தொறம்மா.”

அவள் திறந்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அந்தப் பெண் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.