ரத்தம் கேட்டு வந்தவரும் ரெண்டு செயலாளர்களும்

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வைங்க... இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். குட்டிதான், பயப்படாதீங்க.

தென்காசிப் பக்கம் ஒரு ஊர். அங்க ஒரு ரத்ததானச் சங்கம். சங்கத்துக்கு ஒரு வெப்சைட். யாருக்கு என்ன குரூப்பு, போன் நம்பர் என்ன, எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கும். நாம தேடினா, வெப்சைட் அதுக்கிட்ட கேட்டு வாங்கிக் காட்டும். நல்ல காரியம்தானே? நம்ம ஊர்ல நல்ல காரியம் நடந்தா அடுத்து என்ன வரும்? தேர்தல் வரும்!

பழைய செயலாளர் கோமதிநாயகம். எதுத்து நின்னது யாரு? கூடப்பொறந்த தம்பி செண்பகராமன்! தம்பி ஜெயிச்சாரு. ஜெயிச்சவர் முதல் வேலையா என்ன செஞ்சாரு? ரத்தம் குடுத்தாரா? ... பூட்டை மாத்தினாரு! போர்டுல பேரை மாத்தினாரு. "அண்ணனுக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டு இனி எதுக்கு?"ன்னு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாத்தினாரு. அதை வெப்சைட்டுல போட்டாரா? எப்படிப் போடுவாரு? வெப்சைட் அண்ணன் கையில இருக்கு. அண்ணனோடதான் பேச்சே கிடையாதே!

அன்னைக்கே வெப்சைட் படுத்துருச்சு. "டேட்டாபேஸோடு தொடர்பு கிடைக்கவில்லை." எதைத் தட்டினாலும் இதே வரிதான். கமிட்டி கூடுச்சு. ஆஹா, என்ன மூளை! மோடத்தை மாத்தினாங்க. கம்ப்யூட்டரை வாசல் பாத்துத் திருப்பி வச்சாங்க. எலுமிச்சம்பழம் கட்டினாங்க. ஒரு எலுமிச்சம்பழம் எத்தனை வேலைதான் பாக்கும், பாவம்!

கடைசியில கம்ப்யூட்டர் சென்டர் பிரிசில்லாவைக் கூப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு பாத்துட்டுச் சொல்லுச்சு: "சார், ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. வெப்சைட் பழைய பாஸ்வேர்டைச் சொல்லிக் கதவைத் தட்டுது. டேட்டாபேஸ் 'யாரு நீ?'ங்குது. உங்க அண்ணனை வரச் சொல்லியிருக்கேன். புதுசை அவர்கிட்ட சொல்லிருங்க, போதும்."

அண்ணன் வந்தாரு. பின்னாடியே அருளப்பன் ஓடி வந்தாரு. ஆட்டோ ஓட்டுறவர். பொண்டாட்டி பிரசவ வார்டுல. ரத்தப் போக்கு நிக்கலை, ஆஸ்பத்திரியில ரத்தம் இல்லை. வெப்சைட்டும் திறக்கலைன்னு நேரா சங்கத்துக்கே வந்துட்டாரு. வந்தவர் எதைப் பாத்தாரு?

"பிரிசில்லா, பாஸ்வேர்டைச் சொன்னாப் போடுறேன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

"பிரிசில்லா, தோத்தவங்ககிட்ட சங்க ரகசியத்தைச் சொல்ற வழக்கம் இல்லைன்னு சொல்லும்மா."

"அப்ப தீர்மானம் போட்டுத் தரச் சொல்லு!"

"பொதுக்குழு கூடட்டும்னு சொல்லு!"

அங்க ஒருத்தி உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கா... இவங்களுக்குப் பொதுக்குழு கூடணும்! சொல்றப்பவே எனக்கு வயிறு எரியுதுங்க.

அருளப்பன் பொறுத்துப் பாத்தாரு. முடியலை. "ஐயா... அவ மூஞ்சி வெளுத்துக்கிட்டே வருதுய்யா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்..."

அப்பத்தான் தம்பி நேரா அண்ணன்கிட்டயே வாயைத் திறந்தாரு. அண்ணன் புது பாஸ்வேர்டைப் போட்டாரு. வெப்சைட் வந்துருச்சு! அருளப்பன் தேடினாரு... ஓ நெகட்டிவ்.

ஊருக்கே ரெண்டு பேர்தான். கோமதிநாயகம்... செண்பகராமன்.

அருளப்பன் நிமிர்ந்து பாத்தாரு. "அப்ப... நீங்கதானாய்யா அது?"

ரெண்டு பேரும் அவர் ஆட்டோவுலயே போய் ரத்தம் குடுத்தாங்க. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அதை விடுங்க. அந்த மனுசன் உள்ள வந்ததுலேர்ந்து "என்ன குரூப்பு வேணும்?"னு ஒருத்தராவது கேட்டாரா? கேட்டிருந்தா எந்த வெப்சைட்டும் வேண்டாம், கையை நீட்டினாப் போதும்!

சிரிக்கிறீங்க... நல்லா சிரிங்க. அண்ணன் நல்லவர், தம்பியும் நல்லவர். நம்ம வீட்டுலயும் அப்படித்தானே? எல்லாரும் நல்லவங்க, தொடர்புதான் கிடைக்கலை! நடுவுல எவனோ ஒருத்தன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இந்தக் கூட்டத்துல முதல் வரிசையில ஒருத்தரும் கடைசி வரிசையில ஒருத்தரும் உக்காந்திருக்கீங்க. ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பேர் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மண்டபத்துக்கு வாசல் ஒண்ணுதான்... வெளிய போறப்ப நேருக்கு நேர் வந்துதான் ஆகணும். அங்க வச்சாவது வாயைத் திறங்கய்யா!