வார்டு நடையும் உடற்பயிற்சிதான்

பிலிப்: உன் ஷூ எங்க தபி?

தபிதா: நான் நடக்க வரலங்க. ரெண்டு நாளா இதே பாட்டு. நேத்தே சொன்னேனில்ல?

பிலிப்: காலைல அரை மணி நேரம். வேலூர் ரோடு வரைக்கும் போய்ட்டு...

தபிதா: இருபத்திரெண்டு வருஷமா நர்ஸு நான். திருப்பதில எட்டு மணி நேரம் வார்டுல நடந்துட்டு, சித்தூர் வந்து ரோட்ல வேற நடக்கணுமா? அங்க நான் பண்றது எக்சர்சைஸ் இல்லாம என்னவாம்?

பிலிப்: அது வேலைம்மா. எக்சர்சைஸ்னா நிறுத்தாம நடக்கணும். நீ நாலு அடி வெச்சா நின்னுடுவ. மாத்திரை குடுப்ப, ஊசி போடுவ...

தபிதா: எண்பது கிலோ ஆள பெட்ல ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் சொல்லுங்க, எது எக்சர்சைஸுன்னு.

பிலிப்: அதுல முதுகு வலிக்கும். மூச்சு வாங்காது.

தபிதா: யாரு சொன்னா? பெல் அடிச்சா நாங்க ஓடற ஓட்டம்... நீங்க பஸ் புடிக்கக்கூட அப்படி ஓடினதில்ல.

பிலிப்: சாலு, சாலு, போதும். ஒரு நாளைக்கு எத்தன அடி நடக்கற?

தபிதா: பதினாலாயிரம்!

பிலிப்: உன் போன்ல ஆயிரத்து நானூறுன்னு காட்டுது.

தபிதா: என் போன எதுக்கு நோண்டறீங்க? டியூட்டில அது லாக்கர்ல கெடக்கும். அதுக்கு என்னா தெரியும்?

பிலிப்: லாக்கர்ல கெடக்கற போனு, 'டிபன் துன்னீங்களா'ன்னு பதினொரு மணிக்கு எனக்கு மெசேஜ் போடுதே?

தபிதா: இட்லி ஆறிப்போவுது. துன்னுங்க.

பிலிப்: நீ இப்ப வார்டுலயே இல்ல. ரெக்கார்டு ரூம்ல உக்காந்துக்கினு ஃபைலுக்கு சீல் அடிச்சுக்கினு இருக்க. என் கண்ணால பாத்தேன்.

தபிதா: ஆமா, உக்காந்திருக்கேன்! ஒரு பேஷண்ட்டத் தூக்கும்போது முதுகு புடிச்சுக்கிச்சு. மூணு மாசம் சீட்ல இருன்னுட்டாங்க. சொன்னா வேலைய விட்டுடும்பீங்க. விட மாட்டேன். டிசம்பர்ல மறுபடியும் வார்டுக்குப் போவேன். யாரு தடுக்கறாங்க பாக்கறேன்... நில்லுங்க. நீங்க எப்ப திருப்பதி வந்தீங்க?

பிலிப்: வியாழக்கிழம...

தபிதா: வியாழக்கிழம எர்னஸ்ட் அண்ணனப் பாக்க காளஹஸ்திக்குப் போறேன்னீங்க?

பிலிப்: சொன்னேன்...

தபிதா: ம். இப்ப சொல்லுங்க.

பிலிப்: மாடி ஏறினா நெஞ்ச அடைக்கற மாதிரி இருந்துச்சு. சித்தூர்ல காட்டினா ஞாயித்துக்கிழம சர்ச்சுல ஜெபக் குறிப்புல என் பேர வாசிச்சிடுவாங்க. ஊரே வீட்டுக்கு வந்துடும். அதான் திருப்பதில உன் ஆஸ்பத்திரிக்கே வந்து காட்டினேன். டாக்டரு மருந்து குடுத்து, தினம் மெதுவா நடக்கச் சொன்னாரு. தனியாப் போக... பயமா இருக்குது தபி. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். நீ என்னடான்னா சண்ட போடற.

தபிதா: பின்ன? ஓ.பி. சீட்டுல இஸ்ரேல்னு வேற பேரு குடுத்துட்டா உங்க கையெழுத்து மாறிடுமா? வெள்ளிக்கிழம காலைல உங்க ஃபைலு என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. என் கையாலயே சீல் அடிச்சேன். நீங்களா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் இந்த வாசலத் தாண்டறதில்லன்னு இருந்தேன். கெளம்புங்க. மெதுவா, நான் சொல்ற வேகத்துல வரணும். வார்டு நர்ஸு கூட நடக்கறீங்க, ஞாபகம் இருக்கட்டும்.