தவராஜா அண்ணனின் நினைவுப் பணிஸ்

எங்கள் பேக்கரியில் மாவை இரண்டு தடவை சலிப்போம், ஐயா. மழைக்காலத்தில் மூன்று தடவை. கெலிஓயாவில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், இந்தத் திவாகரன் சுட்ட பாணில் ஒரு தூசியைக் கண்டதாக எவரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான், நீங்கள் பணிஸில் கிடந்த அந்தச் சின்னத் திருகாணியை மேசையில் வைத்து, மா குழைக்கிற மெஷினிலிருந்து கழன்று விழுந்தது என்று எழுதத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒரு மெஷின்மேல் அநியாயமாகப் பழி போடக் கூடாது. பேனையைக் கொஞ்சம் கீழே வையுங்கள், நடந்ததைச் சொல்கிறேன். ஹாஷிம் முதலாளிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கலஹா தவராஜா அண்ணன் பாடகர். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுவார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி அவர் பாடினால், கார் வைத்திருப்பவனும் அழுவான். பேரில்தான் கலஹா ஊர், குடியிருந்தது எங்கள் கெலிஓயாவில். இருபத்திரண்டு வருஷம் அவர் எங்கே பாடினாலும் நான் முன்வரிசையில் இருந்தேன். பிறந்தநாளுக்கு கேக் செய்து கொண்டுபோவேன். ஒரு தடவைகூட அவர் என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. தினகரன் என்பார், கருணாகரன் என்பார். நான் திருத்தவில்லை. பெரிய ஆட்களுக்கு ஞாபகம் வைக்க வேறு விஷயங்கள் இருக்கும்.

அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தபோது பாண் போறணையில் வெந்துகொண்டிருந்தது. நான் போறணைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். புகை கிளம்பிய பிறகுதான் முதலாளி ஓடி வந்தார். கருகிய பாணை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. “போயிட்டு வா, திவாகரா” என்றார்.

செத்தவீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனேன். அண்ணனின் மனைவி சுந்தரி அக்கா தடுத்தார். “அதுக்கு சொந்தக்காரங்க இருக்காங்க தம்பி. நீங்க யாரு?” கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஓரமாக நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

மறுநாள் சாம்பலை அள்ளி, சட்டியில் போட்டு, சிவப்புத் துணி கட்டி, மகாவலி ஆற்றில் கரைக்க கெட்டம்பேக்கு வேனில் புறப்பட்டார்கள். வழியில் பசியாற எங்கள் கடையில் நிறுத்தினார்கள். சாம்பல் சட்டியோடு சாப்பாட்டுக் கடைக்குள் வர முடியுமா? “தம்பி, இத செத்த நேரம் புடிச்சிக்கிறீங்களா?” என்று சுந்தரி அக்கா என் கையில் தந்தார். அவராகவே தந்தார், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

‘ஆத்தோட போகமாட்டேன், உங்க நாக்குல வாழ்ந்திருப்பேன்’ என்று அண்ணன் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் பின்பக்கம் போய், அண்ணனை ஒரு பிஸ்கட் டின்னுக்கு மாற்றிவிட்டு, சட்டியில் போறணைச் சாம்பலை நிரப்பினேன். துணியை முன்பு இருந்ததைவிட நன்றாகவே கட்டினேன்.

ஒத்தாசைக்கு என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஆற்றங்கரையில் அக்காவின் தம்பி திலக்ஷன் சட்டியை அவிழ்த்ததும் முகர்ந்து பார்த்தான்.

“அக்கா, மச்சான் பாண் மணக்குறாரு.”

“அவருக்கு பாண்னா உசுருடா” என்று அக்கா அழத் தொடங்கினார். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது நல்ல இறப்பர் மர விறகுச் சாம்பல். ஆற்றுக்குக் கெடுதியான எதையும் நான் போடவில்லை.

டின்னை வீட்டில் வைத்துக் கும்பிடுவதோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் ரசிகர் சங்கம் நினைவுக்கூட்டம் வைத்தது. தலைவர் முத்துலிங்கம் மாஸ்டர் வந்து, “எல்லாருக்கும் பணிஸ் சுடுறது ஒங்க பொறுப்பு” என்றார். அவ்வளவு பேரும் அண்ணனுக்காக அழுதவர்கள். நான் ஒருவனே அவரை வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

அறுபது பணிஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை. நடுவில் சீனியும் தேங்காய்ப்பூவும். மாவைச் சலித்தேன். அண்ணனைச் சலிக்கவில்லை. அது மரியாதை இல்லை என்று பட்டது. தவறு என்றால் அதுதான் தவறு.

மண்டபத்தில் அவர் பாட்டு ஒலித்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ருசியாக இருக்கிறது என்றார்கள். சுந்தரி அக்கா இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது, “ஒங்க பேரு என்ன தம்பி?” என்று கேட்டார். அந்த வீட்டார் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். “நல்லா இருங்க திவாகரன்” என்றார். அப்போதுதான் மாஸ்டருக்குப் பல் உடைந்தது.

அண்ணன் ஒருமுறை மேடையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது டாக்டர் எலும்பில் பூட்டிய திருகாணி அது. இரண்டு பூட்டினார்கள். மற்றது யாருக்குப் போனதோ, அவர் முறைப்பாடு செய்யவில்லை. அப்படிப்பட்டவர்தான் உண்மையான ரசிகர்.

மிச்சம் இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? டின்னில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷ நினைவுநாளுக்கு வேண்டுமே.

ஏன் ஐயா, பணிஸ் தட்டைத் தள்ளி வைக்கிறீர்கள்? அது இன்று காலை சுட்டது, வெறும் மாவும் சீனியும்தான். பயப்படாமல் சாப்பிடுங்கள். கண்டவர்களுக்கெல்லாம் நான் அவரைக் கொடுக்கமாட்டேன்.